முதல் சந்திப்பில் கேட்கப்படாத கேள்வி: கடலூர்–புதுச்சேரி மணமுறிவு வழக்கு ஒன்றின் ஆய்வு

கடலூரில் சட்டத் தன்னார்வலராக இருக்கும் நான், 2023 நவம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை உடனிருந்து பார்த்த வழக்கு இது. வழக்காடிய பெண்ணின் ஒப்புதலோடு எழுதுகிறேன். தரப்பினரில் ஒருவர் கேட்டுக்கொண்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம் 11ஆம் பிரிவில் சொல்வதால், பெயர்களும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் இங்கே இடம்பெறவில்லை. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இந்த ஆய்வின் பொருளன்று. இரண்டு வழக்கறிஞர்கள் ஒரே வழக்கைக் கையாண்ட விதமும், அவர்களை அந்தப் பெண் தேர்ந்தெடுத்த விதமுமே பொருள்.

அவர் திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்தவர், தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் புதுச்சேரிக்காரர், தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் முறையில் வேலை. 2016இல் புதுச்சேரியில் திருமணம் நடந்து அங்கேயே குடித்தனம் செய்தார்கள். 2018 ஏப்ரலில் மகன் பிறந்தான். 2022 ஆகஸ்டில் மனைவி மகனை அழைத்துக்கொண்டு கடலூர் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். 2023 ஜனவரியில், பொங்கலுக்குப் பாட்டி வீட்டில் இரண்டு நாள் இருக்கட்டும் என்று அழைத்துப்போன கணவர், பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. அப்போது அவனுக்கு நான்கு வயது ஒன்பது மாதம். அந்த வயதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; வழக்கின் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான் நடந்தது.

முதல் வழக்கறிஞர்

வழக்கறிஞரை அறிமுகப்படுத்தியவர் தாய்மாமன். மாமனின் நிலத் தகராறு ஒன்றைப் புதுச்சேரியில் வெற்றிகரமாக முடித்துக்கொடுத்தவர் அவர். நிலத்துக்கு நல்ல வக்கீல் பிள்ளைக்கும் நல்ல வக்கீலாகத்தானே இருப்பார் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் சாதாரணமாகக் காணப்படுவதுதான். அவரைத் திறமையற்றவர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் நில வழக்கில் சொத்து இருந்த இடத்திலேயே இருக்கும், பத்து வாய்தா தள்ளிப்போனாலும் எல்லைக்கல் நகராது. பிள்ளை அப்படியல்ல, வாய்தாவுக்கு வாய்தா அவனுக்கு வயது கூடுகிறது, புதிய பள்ளி, புதிய நண்பர்கள் என்று ஒரு வாழ்க்கை ஊன்றிவிடுகிறது.

முதல் சந்திப்பு இருபது நிமிடம் நடந்ததாம். கணவரின் குற்றங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார், வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார், எழுதாத வெள்ளைத் தாள்கள் சிலவற்றிலும் கையெழுத்து வாங்கினார். கட்டணமாக ஒரு தொகையும், பின்னால் கிடைக்கும் நிரந்தர ஜீவனாம்சத்தில் ஒரு பங்கும் என்று பேசி முடித்தார். இந்தப் பங்குப் பேச்சிலேயே குடும்பத்தார் எழுந்து வந்திருக்க வேண்டும். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அது தொழில் ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றமும் 2017இல் சுனிதா வழக்கில் உறுதி செய்தது. ஆனால் ‘கையிலிருந்து இப்போது அதிகம் போகாது’ என்ற ஆறுதல் அன்றைக்கு அவர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

2023 மார்ச்சில் புதுச்சேரிக் குடும்ப நல நீதிமன்றத்தில் இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவின்படி, கொடுமையைக் காரணம் காட்டி மணமுறிவு மனு தாக்கலானது. மனைவி மனுதாரராக இருந்தால் அவர் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 19ஆம் பிரிவு இடம் தருகிறது. கடலூரின் மஞ்சக்குப்பத்து நீதிமன்ற வளாகம் அவர் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம்தான். வழக்கு புதுச்சேரிக்குப் போனதற்கு வழக்கறிஞரின் அலுவலகம் அங்கே இருந்ததைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பள்ளியில் விடுப்புச் சொல்லி, முள்ளோடை தாண்டிப் பேருந்தில் போய், அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்புவது என்று எட்டு மாதம் ஓடியது.

அந்த எட்டு மாதத்தில் பிள்ளையைக் கேட்டு ஒரு மனுவும் போடப்படவில்லை. ‘டைவர்ஸ் ஆகட்டும்மா, பையன் தானா வருவான்’ என்பதே அவருக்குக் கிடைத்த பதில். இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டம் 1956இன் 6ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத பிள்ளையின் பொறுப்பு சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. ஜனவரியில் அந்தப் பாதுகாப்பு கையில் இருந்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன் 21ஆம் பிரிவின்படி, அவர் தங்கியிருந்த கடலூரிலேயே குற்றவியல் நடுவரிடம் தற்காலிகப் பொறுப்பு கேட்டிருக்கலாம். அத்தகைய மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஏப்ரலில் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்தது. ஜூனில் புதுச்சேரிப் பள்ளி ஒன்றில் யூகேஜி சேர்க்கப்பட்டான். ஐந்து வயது கடந்தால் தாயின் உரிமை போய்விடுகிறது என்று பொருளில்லை. பிள்ளையின் நலனே மேலானது என்ற, இளவர் சட்டத்தின் 13ஆம் பிரிவுதான் எந்த வயதிலும் ஆளும். ஆனால் சட்டம் தாய்க்குச் சாதகமாகத் தொடங்கும் நிலையும், இருதரப்பும் சமமாகத் தொடங்கும் நிலையும் ஒன்றாகிவிடாது.

கணவரின் எதிருரை வந்தபோதுதான் முழு நிலைமையும் தெரிந்தது. அதனோடு ஒரு வாட்ஸ்அப் செய்தியின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் ஒரு சண்டையின் நடுவே, ‘பிள்ளையை நீயே வச்சுக்கோ, என்னால முடியாது’ என்று மனைவி அனுப்பிய செய்தி அது. வழக்கறிஞர் அதைப் பார்த்துவிட்டு, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டாராம். அவர் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

இன்னொன்றும் அப்போது வெளிப்பட்டது. மனு ஆங்கிலத்தில் இருந்ததால் அந்த அம்மா அதை முழுதாகப் படித்ததே இல்லை. எதிருரையில் கணவர் கொதித்து மறுத்திருந்த இரண்டு குற்றச்சாட்டுகள், அவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்பதும், அவர் மனநோயாளி என்பதும், தன் மனுவிலேயே இருக்கின்றன என்பதை அன்றுதான் அறிந்தார். முதலாவது, பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன ஒரு சந்தேகம். இரண்டாவது, கணவர் தூக்கமின்மைக்காக ஒருமுறை மருத்துவரைப் பார்த்தது. இரண்டுக்கும் சாட்சி இல்லை. நிரூபிக்க முடியாத இத்தகைய குற்றச்சாட்டுகளை வழக்கு ஆவணத்தில் எழுதுவதே எதிர்த்தரப்புக்கு இழைக்கும் மனக்கொடுமையாகிவிடும் என்பதை உச்ச நீதிமன்றம் 1993இல் பகத் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் கணவரை மனநோயாளி என்று எழுதியவர் மனைவி. அந்த எழுத்தையே காரணமாக்கிக் கணவருக்கு மணமுறிவு கிடைத்தது. கொடுமைக்கு ஆளானேன் என்று வந்தவர் கொடுமை செய்தவராக நிற்கும் நிலையை அவருடைய சொந்த மனுவே உண்டாக்கியிருந்தது.

மாற்றுவதில் இருந்த தயக்கம்

என்னிடம் அவர் வந்தது 2023 நவம்பரில். வழக்கறிஞரை மாற்றலாமா என்ற கேள்வியைவிட, மாற்றினால் வழக்குக் கட்டு திரும்பக் கிடைக்குமா என்ற பயமே அவருக்கு அதிகம் இருந்தது. பாக்கிக் கட்டணத்துக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்குக் கிடையாது என்று 2000ஆம் ஆண்டிலேயே சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. பழைய வழக்கறிஞரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, புதிய வக்காலத்து தாக்கல் செய்வது வழக்கம்; அவர் தர மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். இதற்கிடையே தாக்கலான எல்லாவற்றுக்கும் நகல் மனு போட்டு, நீதிமன்றத்திலேயே சான்றளித்த நகல்களை வாங்கினோம். வழக்குக்கென்றே தரப்படும் சிஎன்ஆர் எண்ணை, நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டபோது, வழக்கறிஞர் வந்து போனதாக அந்தப் பெண் நினைத்த இரண்டு தேதிகளில் அவர் தரப்பு ஆஜராகவே இல்லை என்று பதிவாகியிருந்ததைக் கண்டோம். அந்தச் சோதனை ஐந்து நிமிட வேலை. வழக்கு நடத்துகிற ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை அதைச் செய்யலாம்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்று சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவு கூறுவதை அவரிடம் சொன்னேன். சம்பளம் வாங்குகிற தனக்கு அது பொருந்தாது என்று நினைத்திருந்தார். கடைசியில் சொந்தமாகவே வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டார். அது அவர் விருப்பம்.

தம்பி கைபேசியில் நட்சத்திர மதிப்பெண் பார்த்து ஒரு பட்டியல் எடுத்து வந்தான். விளம்பரம் செய்யக்கூடாது என்ற விதி இருக்கும் தொழிலில் அந்த நட்சத்திரங்களை யார் போட்டார்கள் என்று நான் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் சேவையை இணையதளங்களில் பட்டியலிட்டு விற்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டபோது எனக்கு அந்தப் பையன் நினைவுதான் வந்தது.

மூன்று அறைகள்

மூன்று பேரைச் சந்தித்தோம். முதலாமவர், ஒரு மாதத்தில் பிள்ளையைக் கையில் தருவதாகச் சொன்னார். உறுதி கொடுத்தவரை விட்டு உடனே வெளியே வந்தோம். இரண்டாமவர் பெயர் பெற்ற மூத்தவர். ஆனால் எங்களோடு பேசியதெல்லாம் அவருடைய ஜூனியர், அவரே எல்லா வாய்தாவுக்கும் வருவாராம். குறுக்கு விசாரணைக்கு யார் வருவார் என்று கேட்டதற்கு ‘அப்போது பார்க்கலாம்’ என்றார்.

மூன்றாமவர் கடலூரில் தொழில் செய்யும் ஒரு பெண் வழக்கறிஞர். கடலூரும் புதுச்சேரியும் ஒரே பார் கவுன்சிலின் எல்லைக்குள், ஒரே உயர் நீதிமன்றத்தின் கீழ் வருவதால் அவர் இரு ஊர்களிலும் ஆஜராகிறவர். அவருடைய கேள்விகளின் வரிசையே எனக்கு வியப்பாக இருந்தது. கணவரின் தவறுகளைப் பற்றி முதல் அரை மணி நேரம் கேட்கவே இல்லை.

முதலில் கேட்டது, கணவரின் குடும்பத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் உண்டா, மூதாதையர் தனிச்சட்டத்தைத் துறந்தவர்களா என்று. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் சமூகத்தின் தனிச்சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களை ரெனோன்சான் என்பார்கள். இந்து திருமணச் சட்டம் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் விஷயம் வேறு; ஒருவர் ரெனோன்சானாக இல்லாமலே பிரெஞ்சுக் குடிமகனாக இருக்கலாம். கணவரின் பாட்டனார் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா என்று தெரிந்ததும், பதிவு ஆவணங்களை வாங்கிப் பார்த்த பிறகே பேசலாம் என்றார். பார்த்ததில் அந்த வழியில் யாரும் துறந்திருக்கவில்லை, கணவரும் இந்தியக் குடிமகன். சிக்கல் இல்லாமல் முடிந்தது. ஆனால் எட்டு மாதம் நடந்த வழக்கில் இந்த அடிப்படையை யாரும் சரிபார்க்கவில்லை.

அடுத்து, பிள்ளையின் ஒரு வாரத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எத்தனை மணிக்கு எழுவான், யார் குளிப்பாட்டினார்கள், எந்த மருத்துவரிடம் காட்டினீர்கள், தடுப்பூசி அட்டை எங்கே, எதைக் கண்டு பயப்படுவான், இட்லிக்கு எதைத் தொட்டுக்கொள்வான். அந்த அம்மா அன்றிரவு ஒன்பது பக்கம் எழுதினார். பின்னால் நீதிமன்றத்தில் பேசியது அந்த ஒன்பது பக்கம்தான்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. “உங்களைப் பத்தி உங்க வீட்டுக்காரர் உண்மையாவே சொல்லக்கூடிய மோசமான விஷயம் என்னம்மா?” என்றார். அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தவிர, கோபத்தில் ஒருநாள் பிள்ளையைத் தூங்கவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டதையும் அவர் சொன்னார். தாய்மாமன் முன்னால் அதைச் சொல்லியிருக்கமாட்டார். உறவினரை வெளியே உட்காரச் சொன்னது வழக்கறிஞரின் முன்யோசனை. குடும்ப வழக்குக்கு ஒருவரை அமர்த்தும்போது நான் பார்க்கும் முதல் அடையாளம் இதுதான். கட்சிக்காரரின் பலவீனத்தைத் தானாகக் கேட்டு வாங்கத் தெரியாதவர், அதை எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வாயிலிருந்து கேட்டுக்கொள்வார்.

எதை முதலில் கேட்பது

இங்கே கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. வழக்கை முதலில் கடலூருக்கு மாற்ற வேண்டும் என்றார் அந்த அம்மா. பேருந்திலும் விடுப்பிலும் நொந்துபோயிருந்தார். இரண்டு நீதிமன்றங்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் இருப்பதால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவின்படி அங்கேயே மாற்றம் கேட்கலாம், மாநிலம் வேறு என்பதற்காக டெல்லி உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியதில்லை. ஆனாலும் வழக்கறிஞர் மறுத்தார். மாற்ற மனு நிலுவையில் இருக்கும்போது கீழ் நீதிமன்றத்தில் எதுவும் நகராது, கட்டு இடம் மாறுவதற்குள் கல்வியாண்டே முடிந்துவிடும், அதுவரை பிள்ளையைப் பார்க்காமல் இருப்பீர்களா என்று கேட்டார்.

2023 டிசம்பரில், நிலுவையிலிருந்த அதே வழக்கில் இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவின்படி இடைக்காலப் பொறுப்பும் சந்திப்பு உரிமையும் கேட்டு மனு போடப்பட்டது. காப்பாளர் சட்டம் 1890இன்படித் தனி வழக்குத் தொடுத்திருந்தால், இளவர் சாதாரணமாக வசிக்கும் இடம் கடலூரா புதுச்சேரியா என்ற 9ஆம் பிரிவுச் சண்டையிலேயே காலம் கழிந்திருக்கும். கூடவே, மணமுறிவு மனுவிலிருந்து அந்த இரண்டு குற்றச்சாட்டுகளையும் நீக்கக் கோரும் திருத்த மனுவும் தாக்கலானது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் பேச்சு அன்றிலிருந்து தணிந்ததை நானே கவனித்தேன். புதிய உறுதிமொழிப் பத்திரத்தில் அந்த வாட்ஸ்அப் செய்தியை மனுதாரரே குறிப்பிட்டு, எந்தச் சூழலில் அனுப்பினார், மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டவர் யார் என்பதையும் எழுதியிருந்தார். மறைக்க எதுவும் இல்லாதபோது எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டவும் எதுவும் இருக்காது.

குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கறிஞர் மூலம் வாதாடுவது உரிமையாகக் கிடைப்பதில்லை, நீதிமன்றம் அனுமதித்தால்தான் என்று குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆனால் நீதிமன்ற ஆலோசகரின் அறையில் கட்சிக்காரர் தனியாகத்தான் உட்கார வேண்டும். அதற்காக இரண்டு மாலைகள் ஒதுக்கி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவும், கணவரைத் திட்டாமல் பிள்ளையைப் பற்றிப் பேசவும் அவரைப் பழக்கினார்கள்.

2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 5 மணி வரை பிள்ளை தாயிடம், வாரம் இருமுறை மாலை காணொளி அழைப்பு. பொறுப்பு யாரிடம் இருந்தாலும் மற்றவரோடு பிள்ளைக்குத் தொடர்பு இருக்க வேண்டும், காணொளி அழைப்பும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் யஷிதா சாஹு வழக்கில் கூறியதை வழக்கறிஞர் எடுத்துக்காட்டியிருந்தார். பதிமூன்று மாதத்துக்குப் பிறகு அவன் கடலூரில் ஓர் இரவு தூங்கினான். அதன் பிறகுதான் மாற்ற மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அதுவும் ஏற்கப்பட்டது.

ஜீவனாம்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிய சொத்து, வருமான உறுதிமொழிப் பத்திரம் பழைய மனுவோடு இணைக்கப்படாததால் அது கிடப்பில் இருந்தது. இருதரப்பும் தாக்கல் செய்ததும் கணவரின் ஓவர்டைம் வருமானம் வெளிவந்தது, தொகை முடிவானது.

ஒப்பந்தம்

2024 இறுதியில் சமரச மையத்தில் நான்கு அமர்வுகள் நடந்தன. ஷிஃப்ட் வேலையும், பாட்டியின் முழங்கால் வலியும் சேர்ந்து, பிள்ளையை அன்றாடம் பார்த்துக்கொள்வது எளிதல்ல என்று கணவரே சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். மனுவிலிருந்த அந்த இரண்டு குற்றச்சாட்டுகளும் நீக்கப்படாமல் இருந்திருந்தால் அவர் அதைச் சொல்லியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

மனமொத்த மணமுறிவுக்கு இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி கூட்டு மனு தாக்கலானது. பிரிந்து வாழத் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதாலும், பிள்ளை, பணம், நகை எல்லாம் பேசித் தீர்க்கப்பட்டதாலும், ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தக் கேட்டார்கள். அந்தக் காலக்கெடு கட்டாயமானதல்ல என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் சொல்லப்பட்ட நிபந்தனைகள் இங்கே பொருந்தின. 2025 ஏப்ரலில் தீர்ப்பாணை கிடைத்தது.

ஒப்பந்தத்தின் முதல் வரைவில், பிள்ளைக்கான செலவைத் தாய் இனி ஒருபோதும் கோரமாட்டார் என்று எதிர்த்தரப்பு ஒரு வரி சேர்த்திருந்தது. “இது உங்க பணம் இல்லம்மா, அவனோடது, நீங்க விட்டுக்கொடுக்க முடியாது” என்று வழக்கறிஞர் அதை அடித்துவிட்டார். இந்த முறை வரைவு முழுவதும் தமிழில் எழுதப்பட்டு, கையெழுத்துக்கு முன் வரிவரியாக வாசிக்கப்பட்டது. யூகேஜியில் தொடங்கிய பள்ளியில் ஒன்றாம் வகுப்பையும் முடித்துவிட்டு ஜூனில் கடலூருக்கு வருவது, மே விடுமுறையில் பாதி, பொங்கல் ஓராண்டு இங்கே ஓராண்டு அங்கே, பள்ளி மாற்றத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இருவர் கையெழுத்து, பிள்ளையைக் கைமாற்றும் இடம் அரியாங்குப்பத்தில் இருவருக்கும் தெரிந்த ஒருவரின் வீடு என்று நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் பொறுப்பு குறித்த உத்தரவு எப்போதும் மாற்றத்துக்கு உட்பட்டது என்பது 1973இல் ரோசி ஜேக்கப் வழக்கிலிருந்தே நிலைபெற்ற சட்டம். அந்த வழக்கும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனதுதான். அதனால் பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது ஏற்பாட்டை இருவரும் மீண்டும் பார்ப்பது என்றும் ஒரு வரி உண்டு.

ஏட்டில் உள்ளபடி நடக்காத ஒரே விதி, செவ்வாயும் வெள்ளியும் மாலை 7 மணிக்குத் தந்தையோடு காணொளி அழைப்பு என்பது. பையன் அந்நேரம் தெருவில் கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறான். ஒன்பது மணிக்கு, ஷிஃப்ட் முடிந்த அப்பாவை அவனே கூப்பிடுகிறான். அதற்காக இதுவரை இருவரில் யாரும் மனு போடவில்லை.